யூனியன் நட்டுல டேப் சுத்தாதீங்க

வணக்கங்க. கையில இருக்கறது 1 இன்ச் யூபிவிசி (வெள்ளை பிளாஸ்டிக்) யூனியன், அதாவது பைப் லைனை வெட்டாம கழட்டி மாட்டறதுக்கான ஜாயின்ட். கழட்டிக் காட்டுறேன், பாருங்க. மொத்தம் மூணு துண்டு. இது வெளியில மரை போட்ட துண்டு, இதோட வாய்ல ஒரு பள்ளம், பள்ளத்துக்குள்ள கருப்பு ரப்பர் ரிங். இது விளிம்பு வச்ச துண்டு. மூணாவது இந்தப் பெரிய நட்டு. நட்டை இறுக்கும்போது விளிம்பு போய் ரிங் மேல உக்காந்து அமுக்குது. தண்ணியை நிறுத்தறது அந்த ரிங் மட்டும்தான். நட்டோட மரைக்கு வேலை ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கறது, அவ்வளவுதான்.

அப்போ ஒழுகுதுன்னு நட்டு மரையில டேப் (வெள்ளை டெஃப்லான் டேப்) சுத்தினா என்ன ஆகும்? ஒழுகுறது நிக்காது. ரிங்கைத் தாண்டின தண்ணி நட்டோட பின்பக்க ஓட்டை வழியா, இதோ இந்த இடுக்குல வெளிய வந்துடும். டேப் இருக்கற இடத்துக்கு அது போகவே வேண்டியதில்ல. கெடுதல் வேற இருக்கு. டேப்போட கனத்துல நட்டு பாதியிலயே டைட் ஆன மாதிரி தோணும், ஆனா ரிங் முழுசா அமுங்கியிருக்காது. எம்-சீல், அதான் பிசைஞ்சு பூசினா கல்லா இறுகுற பசை, பூசுறது இன்னும் மோசம். அப்புறம் அந்த யூனியனைக் கழட்டவே முடியாது. கழட்டத்தானே அதைப் போட்டோம்?

கடைக்குப் போறப்ப ஒரு விஷயம் கவனிங்க. '1 இன்ச்'னு மட்டும் கேக்காதீங்க. வீட்டு லைனுக்கு வர்ற வெள்ளை யூபிவிசி பைப் 1 இன்ச்னா வெளி விட்டம் 33.4 மில்லி. விவசாயத்துக்குப் போடற பிவிசி பைப் 32 மில்லி. சுடுதண்ணி லைனுக்குப் போடற சிபிவிசி 1 இன்ச் 28.6 மில்லி. மூணும் பேச்சுல 'ஒரு இன்ச்'தான், ஒண்ணுக்குள்ள ஒண்ணு சேராது. பைப்ல ஒரு சாண் வெட்டி கையோட எடுத்துட்டுப் போங்க.

இப்ப ஒட்டுறது. முதல்ல நட்டைப் பைப்ல கோத்துடுங்க, மரை பக்கம் வாயைப் பார்த்து இருக்கணும். இதை மறந்துட்டு விளிம்புத் துண்டை ஒட்டிட்டா, அந்தத் துண்டை வெட்டித்தான் எடுக்கணும், வேற வழியே இல்ல. ரிங்கைக் கழட்டித் தனியா வச்சுடுங்க. பைப்பை நேரா வெட்டி, பிசிறு எடுத்து, துணியால துடைச்சு, பைப் மேல தாராளமா, ஃபிட்டிங் உள்ள மெல்லிசா சொலூஷன் (பைப் ஒட்டற பசை) தடவுங்க. உள்ள அதிகம் தடவினா பைப் தள்ளும்போது அது வழிஞ்சு ரிங் உக்கார்ற முகத்துக்கு வந்துடும். ஒரு துளி காய்ஞ்சு மேடு கட்டினாலும் போதும், அந்த யூனியன் காலத்துக்கும் ஒழுகும். கால் சுத்து திருப்பித் தள்ளி, முப்பது செகண்ட் பிடிச்சுக்கோங்க, இல்லன்னா பைப் பின்னாடி வழுக்கும். சிபிவிசிக்கு அதுக்குரிய சொலூஷன், யூபிவிசிக்கு அதோடது. டப்பாவுல போட்டிருக்கற நேரம் முடியாம தண்ணி விடாதீங்க.

ரெண்டு பக்கமும் ஒட்டின பிறகு, ரிங்கைத் திரும்பப் பள்ளத்துல வச்சு, நட்டு போடாம, விளிம்பு ரிங் மேல தானா சமமா உக்காருதான்னு பாருங்க. கோணலா இருந்தா நட்டால இழுத்து நேராக்கலாம்னு நினைக்காதீங்க. ஒரு பக்கம் ரிங் நசுங்கும், மறுபக்கம் இடைவெளி விழும். கிளாம்ப்பைத் தளர்த்தி லைனை நேராக்கிட்டுத்தான் நட்டைத் தொடணும்.

ரிங்குக்கு சோப்புத் தண்ணி தொட்டுக்கலாம், சிலிகான் கிரீஸ் இருந்தா இன்னும் நல்லது. வாசலின், வண்டி கிரீஸ் வேண்டாம், ரிங் இபிடிஎம்ங்கற ரப்பர் வகையா இருந்தா ஊதிடும். நட்டைக் கையால முழுசா இறுக்கி, அதுக்கு மேல கால் சுத்து, போதும். பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கினா இன்னிக்குத் தெரியாது, கொஞ்ச நாள் கழிச்சு நட்டுல முடி மாதிரி வெடிப்பு ஓடும். ஒழுகினா மேலும் இறுக்காதீங்க. திறந்து, மணல் துகள் இருக்கா, ரிங் முறுக்கியிருக்கா, முகத்துல கீறல் இருக்கான்னு பாருங்க.

ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) யூனியன்ல பெரும்பாலும் ரப்பரே இருக்காது. இரும்பு முகமும் முகமும் சரிவா உக்காரும், சிலதுல பித்தளை வளையம் இருக்கும். அந்த முகத்துல டேப், சணல், பெயிண்ட் எதுவும் படக்கூடாது, சுத்தமா துடைச்சா போதும். டேப் வேண்டியது ரெண்டு முனையிலயும் பைப் மரை ஏறுற இடத்துல மட்டும், மரை ஏறுற திசையிலயே சுத்தணும். இறுக்கும்போது ரெண்டு ரெஞ்ச்: ஒண்ணு யூனியனோட உடம்பை அசையாம பிடிக்க, இன்னொண்ணு நட்டைத் திருப்ப. ஒரே ரெஞ்ச்ல திருப்பினா பக்கத்து மரை ஜாயின்ட் சேர்ந்து திரும்பி, அங்க புதுசா ஒழுகும்.

சரி, எங்க போடறது? சுவத்துக்குள்ள புதைக்கவே கூடாது, கை போற இடத்துல இருக்கணும். மோட்டார் டெலிவரியில, அதாவது தண்ணி மேல ஏறுற பக்கம், வரிசை இப்படி: மோட்டார், யூனியன், என்ஆர்வி (தண்ணியைத் திரும்பி வர விடாத வால்வு), இன்னொரு யூனியன், அதுக்கு மேல பால் வால்வு. மோட்டாரைக் கழட்டும்போது மேல நிக்கற தண்ணியை வால்வு பிடிச்சுக்கும். வால்வு இல்லாம என்ஆர்விக்கு மேல யூனியனைத் திறந்தா, 10 மீட்டர் உயர 1 இன்ச் லைன்ல ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணி மோட்டார் மேலயே கொட்டும். மாடி டேங்குல வால்வுக்கு அப்புறம்தான் யூனியன். முன்னாடி போட்டா திறக்கறதுக்கு டேங்கையே காலி பண்ணணும்.

சக்‌ஷன் பக்கம், அதாவது மோட்டார் தண்ணியை உறிஞ்சுற பக்கம்தான் நிறையப் பேரைத் திணறடிக்குது. தொட்டி கீழ, மோட்டார் மேல இருந்தா, அந்த லைன்ல இருக்கற யூனியன் கெட்டாலும் ஒரு சொட்டுத் தண்ணிகூட வெளிய வராது. உள்ள அழுத்தம் வெளிக்காத்தை விடக் குறைவு, அதனால காத்துதான் உள்ள போகும். மோட்டார் ஓடும், தண்ணி ஏறாது, இல்ல புஸ் புஸ்னு விட்டு விட்டு வரும். காலையில பார்த்தா பிரைமிங் போயிருக்கும், அதாவது மோட்டாரும் உறிஞ்சுற பைப்பும் நிறைஞ்சு நிக்க வேண்டிய தண்ணி இறங்கியிருக்கும். எல்லாரும் ஃபுட் வால்வை (தொட்டிக்குள்ள பைப் அடியில இருக்கற வால்வு) மாத்துவாங்க, மோட்டாரைப் பிரிப்பாங்க, யூனியனை யாரும் பார்க்கறதில்ல, அது காய்ஞ்சு கிடக்குதேன்னு. மோட்டாரை ஓட விட்டு, ஷேவிங் நுரையை நட்டோட பின் இடுக்குல சுத்தி அப்புங்க. எந்த இடத்துல நுரை குழி விழுந்து உள்ள இழுக்குதோ அங்கதான் காத்து போகுது. மோட்டாரை நிறுத்தி, திறந்து, ரிங்கை மாத்துங்க. பழைய ரிங்கைக் கடைக்கு எடுத்துட்டுப் போய் விட்டமும் தடிமனும் ஒத்துப் பார்த்து வாங்குங்க.