இரவுக் கடலும் இருபது கொண்டை ஊசி வளைவும்

சேலம் நேயர்களுக்கும், மேலே ஏற்காட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்பவர்களுக்கும் வணக்கம்.

நம் ஊரிலிருந்து நண்பர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஸ்கூபா டைவிங், அதாவது காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கப் போவது இப்போது அதிசயமில்லை. புதுச்சேரிக்கு ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாக 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கையில் காசும் விடுப்பும் இருந்தால் அந்தமான். பகலில் சில தடவை மூழ்கிப் பழகியதும் இரவு டைவ் மேல் ஆசை வரும். சனிக்கிழமை இருட்டியதும் டைவ், அப்படியே வண்டியை எடுத்தால் ஞாயிறு காலை ஏற்காட்டில் காபி என்று திட்டமும் போடுவார்கள். அந்தக் காபியில்தான் வில்லங்கம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு அழைத்துப் போகும் ஒருநாள் டைவ் மட்டும் செய்தவர்கள் இரவில் இறங்கவே கூடாது. ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அதன் எல்லை 18 மீட்டர். முதல் இரவு டைவ் பயிற்சியாளரோடுதான், அதுவும் 10, 12 மீட்டருக்குள். இறங்கப்போகும் இடத்தை அன்று பகலிலேயே ஒருமுறை மூழ்கிப் பார்த்துவிட வேண்டும். பாறை எங்கே, மணல் எங்கே, பழைய வலை சிக்கிக் கிடக்கிறதா, நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். இரவில் புது இடத்தைத் தேடிப் போவது வீரமில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கிழக்குக் கரை கலங்கிக் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் பேச்சையே எடுக்க வேண்டாம்.

ஒவ்வொருவருக்கும் விளக்கு மூன்று: கையில் பெரிய டார்ச், ஜாக்கெட் பையில் சின்ன டார்ச், சிலிண்டரின் கழுத்தில் கட்டிய மினுக்கு விளக்கு. பின்னால் வருபவர் உங்களை அடையாளம் காண்பது அந்த மூன்றாவதால்தான்.

டார்ச் எப்படிச் சாகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு தலைமுடியால். மூடியின் திருகு மரைக்குக் கீழே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும். பிரஷர் குக்கர் கேஸ்கட்டின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு முடியோ ஒரு மணல் பொடியோ கிடந்தால் போதும், ஆழத்தின் அழுத்தம் அந்த இடுக்கில் உப்புத் தண்ணீரை ஏற்றிவிடும். ஆகவே கடற்கரையில் வைத்து டார்ச்சைத் திறக்காதீர்கள். அறையிலேயே, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வளையத்தைக் கழற்றி, பிசிறில்லாத துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். வெடிப்பு தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். சிலிக்கான் கிரீஸ் பளபளப்புத் தெரியும் அளவுக்கு மட்டும். அப்பினால் அதுவே மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரிய டார்ச் அணைந்தால் சின்னதைப் போட வேண்டும், கூடவே மூழ்கும் ஜோடியிடம் காட்ட வேண்டும், மேலே வர வேண்டும். சின்னதை வைத்துக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் சுற்றலாம் என்று நினைப்பவரிடம் அடுத்து அணைவதற்கு மாற்று எதுவும் இல்லை.

ஒளி அதிகமாக இருந்தால் நல்லதென்று நினைக்கிறோம். டிசம்பரில் ஏற்காடு மலைப்பாதையில் மூடுபனிக்குள் ஹை பீம் போட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: எதிரே வெள்ளைச் சுவர் எழும்பும், சாலை மறைந்துவிடும். கடலிலும் அதேதான். தண்ணீரில் மிதக்கும் தூசும் நுண்ணுயிர்களும் ஒளியைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். குறுகிய கற்றை உள்ள, 500 முதல் 1,000 லூமென் டார்ச் போதும். அதையும் கண்ணுக்கு நேரே பிடிக்காமல், இடுப்புயரத்தில் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால் தூசு கண்ணில் படாது.

இருட்டில் பேச்சும் டார்ச்சில்தான். தரையில் ஒளியால் மெதுவாக ஒரு வட்டம் போட்டால் 'சரி'. மெதுவாக இடவலமாக ஆட்டினால் 'என்னைப் பார்'. வேகமாக, விடாமல் ஆட்டினால் 'ஆபத்து'. கையால் சைகை காட்டுவதென்றால் ஒளியைச் சொந்தக் கைமேலேயே பாய்ச்சிக் காட்டுங்கள். ஜோடியின் முகத்தில் அடித்தால், இருட்டுக்குப் பழகிய கண் கெட்டு, சில நிமிடங்களுக்கு அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஜோடி காணாமல் போனால் உங்கள் டார்ச்சை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டு ஒரு முழுச் சுற்றுத் திரும்புங்கள். உங்கள் ஒளி மறைந்தால்தான் அவருடைய ஒளி தெரியும். ஒரு நிமிடம் தேடியும் காணவில்லையா, மெதுவாக மேலே வாருங்கள். அவரும் அதையே செய்வார் என்பது கரையிலேயே பேசி வைத்த ஒப்பந்தம். மேல் எது கீழ் எது என்று தலை சுற்றினால், ஒளியைச் சொந்தக் குமிழிகள்மேல் காட்டுங்கள். அவை போகும் பக்கம்தான் மேல்.

நம் பக்கத்துக் கிணறுகளில் குதித்து அடிமண் எடுத்தவர்களுக்குக் காது வலி தெரியும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. வலி வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக்கொண்டே இறங்க வேண்டும். அந்த இரட்டை அழுத்தம் காற்றுச் செலவையும் இரட்டிப்பாக்கும். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்றால் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று. 50 பாரைத் தொடாமல் ஒதுக்கினால் மிச்சம் 1,650. நிதானமாக மூச்சு விடுபவர் மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் எடுத்தால், 10 மீட்டரில் 40. ஆக 41 நிமிடம் வரும். பயந்து மேலே 30, அதாவது 10 மீட்டரில் 60 லிட்டராக இழுத்தால் 27 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இருட்டில் முதல் தடவை பலர் இரண்டாவது கணக்கில்தான் இருப்பார்கள். காற்றின் அளவுமானியை 5 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

கரையிலிருந்து இறங்குவதானால் ஒருவர் தண்ணீரில் கால் வைக்காமல் கரையிலேயே நிற்க வேண்டும், இறங்கியவர்களின் பட்டியலும் போனும் கையில். மணலில் இரண்டு விளக்குகள்: ஒன்று முன்னால் தாழ்வாக, ஒன்று அதற்குப் பின்னால் உயரமாக. திரும்பி வரும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் சரியான கோட்டில் இருக்கிறீர்கள். அந்தி வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள். இருட்டு தண்ணீருக்குள் மெதுவாக வந்து சேரட்டும். ஏறி வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். 5 மீட்டரில் பாதுகாப்புக்காக 3 நிமிடம் நிற்கும்போது, ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரின் எண்களை மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் ஆழம் தெரியாமலே நழுவும்.

இவ்வளவு பாடும் எதற்கு? பகலில் நீலச்சாம்பலாகத் தெரிந்த பாறையின்மேல் டார்ச் பட்டதும் சிவப்பும் ஆரஞ்சும் எழும். சூரிய ஒளியின் சிவப்பைத் தண்ணீர் வழியிலேயே விழுங்கிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் பிடித்த விளக்கிடம் அது பலிக்காது. கிளிமீன்களில் சில வகை, தன் வாயிலிருந்து சுரக்கும் கோழையால் கண்ணாடிப்பை போல ஒன்றைச் சுற்றிக்கொண்டு தூங்கும். இறாலின் கண்கள் தணல் துண்டு போல மின்னும். எல்லாரும் மணலில் ஒன்றாக இருந்து, டார்ச்சுகளை நெஞ்சில் பொத்திக்கொண்டு கையை வீசினால், விரல்களிலிருந்து நீலப் பொறி பறக்கும். உயிருள்ள நுண்ணுயிர்களின் ஒளி அது.

இப்போது ஏற்காட்டுக் காபி. சேலம் பேருந்து நிலையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கும்போது தலையணையாக உப்பிவிடும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட 15 சதவீதத்துக்கும் மேல் குறைவு. ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து நிற்கிறது. மூச்சு வழியே அது வெளியேற மணிக்கணக்காகும். அதற்குள் மலையேறினால் உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டு வலி, மரத்துப்போதல், தோல் அரிப்பு, காரணமில்லாத அசதி, சிலருக்குக் கால் செயலிழப்பு. வந்தால் தூக்கம் கெட்டதால்தான் என்று தள்ளிவிடாமல், படுக்க வைத்து, தூய ஆக்சிஜன் கொடுத்து, டைவ் செய்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வலி போகட்டும் என்று மறுபடி கடலில் இறங்கக் கூடாது.

விமானத்துக்கும், 600 மீட்டருக்கு மேலான உயரத்துக்கும் விதி ஒன்றுதான்: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம். பகலில் இடம் பார்க்க மூழ்கியதையும் சேர்த்தால் நம் கணக்கு 18. ஆத்தூர் வழியில் மலையேற்றம் இல்லை, சேலம் 300 மீட்டருக்குள்தான். ஆகவே வீடு வரலாம், தூங்கிக் களைப்பாறியவர் ஓட்டினால். சனி இரவு 8 மணிக்குத் தண்ணீரைவிட்டு வந்தவர் ஞாயிறு பிற்பகல் 2 மணிவரை அடிவாரத்தைத் தாண்டக் கூடாது. கொல்லிமலைக்கும் இதே கணக்கு. அதுவரை கீழேயே தட்டுவடை செட் சாப்பிடலாம், குறையொன்றும் இல்லை. கரையில் நிற்கும் நண்பர், கடைசி ஆள் தண்ணீரைவிட்டு வந்த நேரத்தைப் பட்டியலில் எழுதியதும், வண்டி ஓட்டுபவரின் போனில் அலாரம் வைத்துவிடட்டும். வணக்கம்.