'புது மாளிகை' என்று பெயர் சூட்டப்பட்ட சின்ன வீடு: இரண்டு தோழிகளின் 50 ஆண்டுக் கதை

வணக்கம் நண்பர்களே! தன்னைப் பாராட்டி எழுதிய கவிதையைப் படித்துவிட்டு யாராவது கோபப்படுவார்களா? கோபப்பட்டிருக்கிறார்கள். அதுவும் சாதாரணக் கவிஞர் எழுதியது இல்லை. எழுதியவர் புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்.

ஆண்டு 1824. வேல்ஸ் நாட்டில், டீ ஆற்றின் கரையில், லாங்கோலன் என்ற சிற்றூர். அங்கே ஒரு வீட்டுக்கு அவர் விருந்தினராகப் போகிறார். வீட்டில் இருப்பவர்கள் இரண்டு மூதாட்டிகள். ஒருவருக்கு 85 வயது, மற்றவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். கவிஞருக்கு அந்தத் தோட்டமும் பிடித்துவிடுகிறது, அவர்களையும் பிடித்துவிடுகிறது. தோட்டத்தில் இருந்தபடியே ஒரு கவிதை எழுதுகிறார். காலத்தின் கை எட்டாத உயரத்துக்கு ஏறிய அன்பு இவர்களுடையது என்று அதை முடிக்கிறார்.

படித்துப் பார்த்த இருவரும் முகம் சுளித்தார்கள். இதைவிட நல்ல கவிதையை நாங்களே எழுதிவிடுவோம் என்றார்கள்!

அவர்களைச் சுட்டது கவிதையில் இருந்த ஒரு சின்னச் சொற்றொடர். அது என்னவென்று சொல்கிறேன். ஆனால் அது ஏன் சுட்டது என்பது புரிய வேண்டுமானால், முதலில் நாம் ஒரு ஜன்னல் வழியாகக் குதிக்க வேண்டும்.

[திரையில்: அயர்லாந்து வரைபடம். கில்கென்னி, வாட்டர்ஃபோர்டு.]

மூத்தவர் எலினார் பட்லர், கில்கென்னிக் கோட்டையில் வாழ்ந்த பெருங்குடும்பத்துப் பெண். இளையவர் சாரா பான்சன்பி, பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தவர். 1768இல், சாரா பள்ளிச் சிறுமியாக இருந்தபோது, இருவருக்கும் அறிமுகம். 16 வயது வித்தியாசம். புத்தகங்களால் வளர்ந்த நட்பு.

பத்து ஆண்டுகள் கழித்து இருவரையும் நெருக்கடி சூழ்ந்தது. திருமணம் செய்துகொள்ளாத எலினாரைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிவிட வீட்டில் நினைத்தார்கள். சாராவுக்கோ, அடைக்கலம் கொடுத்த வீட்டின் தலைவரே தொல்லையாக மாறியிருந்தார். 1778 மார்ச் மாத இறுதியில் ஓர் இரவு, சாரா ஆண் உடை அணிந்து, கையில் ஒரு துப்பாக்கியுடன் ஜன்னல் வழியாக வெளியேறினார். கூடவே ஃப்ரிஸ்க் என்ற நாய்க்குட்டியையும் கொண்டுபோனார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போதும் நாயை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இவர்கள் யார் என்று எனக்குச் சொன்னது அந்த நாய்தான்.

எலினாரும் ஆண் உடையில் வந்து சேர்ந்துகொண்டார். வாட்டர்ஃபோர்டு துறைமுகம் வரை போய்க் கப்பல் ஏறுவது திட்டம். கப்பலுக்கு முன்பே பிடிபட்டார்கள். ஒரு கொட்டகையில் குளிரில் படுத்திருந்த சாராவுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. இருவரையும் பிரித்து வைத்தார்கள். எலினார் விடவில்லை. மறுபடி தப்பி, சாராவின் வீட்டுக்கே வந்து, அவருடைய அறைக்குள்ளேயே ஒளிந்துகொண்டார்! அந்த வீட்டுப் பணிப்பெண் ஒருவர் யாருக்கும் தெரியாமல் உணவு கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் பெயர் மேரி கேரில். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

குடும்பத்தார் களைத்துப்போனார்கள். போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டார்கள். மே மாதம் இருவரும் அயர்லாந்தை விட்டுக் கிளம்பினார்கள். வேல்ஸ் முழுக்கச் சுற்றிவிட்டு 1780இல் லாங்கோலனில் நின்றார்கள்.

[திரையில்: பள்ளத்தாக்கு. மேலே சிதைந்த கோட்டை, கீழே ஆறு.]

அவர்கள் பிடித்த வீடு, கல்லால் கட்டிய ஒரு சிறிய கிராமத்து வீடு. வாடகை வீடு. அறைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சுற்றிலும் கொஞ்சம் நிலம், பக்கத்தில் ஓர் ஓடை, நிமிர்ந்தால் குன்றின் உச்சியில் தினாஸ் பிரான் என்னும் பாழடைந்த கோட்டை. கோட்டையில் வாழ்ந்த எலினாருக்கு இனி கோட்டை என்பது ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி மட்டுமே.

குடிவந்ததும் வீட்டின் பழைய பெயரை மாற்றினார்கள். பிளாஸ் நெவித் என்று வைத்தார்கள். வெல்ஷ் மொழியில் அதற்குப் 'புது மாளிகை' என்று பொருள். இதையும் நினைவில் வையுங்கள்.

என்ன செய்தார்கள் அங்கே? எலினாரின் நாட்குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பெரிய சம்பவங்களைத் தேடி அதைத் திறந்தால் ஏமாந்துபோவீர்கள். இன்று காற்று எப்படி அடித்தது, எந்தப் பாதையில் நடந்தோம், என்ன வாசித்தோம், யாரிடமிருந்து கடிதம் வந்தது, இவ்வளவுதான். மாலையில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பார். சாரா படம் வரைவார், தையல் செய்வார், வீட்டுக் கணக்கு எழுதுவார். மார்கரெட் என்று ஒரு பசு இருந்தது. காற்று பட்டாலே தானாக இசைக்கும் ஒரு யாழ் இருந்தது. ஓடைப் பக்கமாக இறங்கினால், பழைய மடம் ஒன்றிலிருந்து வந்த கல்தொட்டியை நீர் விழும் இடத்தில் வைத்திருந்தார்கள். உலகத்தை விட்டு ஒதுங்கி இருவரும் இனிமையாகக் கழித்த நாள் என்று எலினார் அடிக்கடி எழுதுகிறார். சாராவை அவர் அதில் குறிப்பிடுவது 'என் அன்புக்குரியவள்' என்றுதான்.

இவர்கள் தோழிகளா, காதலர்களா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. 1790இல் ஒரு லண்டன் பத்திரிகை இவர்களைப் பற்றிக் கண்டபடி எழுதியது. மனம் நொந்துபோனார்கள். புகழ்பெற்ற நாடாளுமன்றவாதி எட்மண்ட் பர்க் ஆறுதல் சொல்லிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. என் எண்ணத்தைக் கேட்டால், உறவுக்குப் பெயர் சூட்டும் உரிமை அதை வாழ்ந்தவர்களுக்கு உரியது. அவர்கள் அதை நட்பு என்றார்கள். ஒரே கூரையின் கீழ் ஏறத்தாழ 50 ஆண்டுகள் வாழ்ந்து காட்டினார்கள். அந்தச் சொல்லை நானும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

பணம்? எப்போதும் தட்டுப்பாடுதான். உறவினர்கள் அனுப்பும் தொகை, பிறகு மன்னர் கொடுத்த ஓய்வூதியம், எல்லாவற்றுக்கும் மேலே கடன். இதைக் கேட்டு ஏழைகள் என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டக்காரர் இருந்தார், பணிப்பெண்கள் இருந்தார்கள். அவர்கள் விட்டுவந்த கோட்டையோடு ஒப்பிட்டால்தான் அது எளிய வாழ்க்கை. பக்கத்து வயலில் வேலை செய்தவரைக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

இன்னொரு விந்தை. தனிமையைத் தேடி வந்தவர்கள் குடியேறிய ஊர், லண்டனிலிருந்து அயர்லாந்துக் கப்பலுக்குப் போகும் சாலையில் இருந்தது! குதிரை வண்டிகள் நிற்கும் இடம். ஒதுங்கி வாழும் இரண்டு பெண்கள் என்ற செய்தி பரவ, வண்டியிலிருந்து இறங்கியவர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். நெப்போலியனை வென்ற தளபதி வெலிங்டன் பிரபு வந்தார், பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் வந்தார், எழுத்தாளர் வால்டர் ஸ்காட் வந்தார். தோழிகளுக்குப் பழைய மரச் சிற்பங்கள் மீது ஆசை என்று தெரிந்ததும், வருகிறவர்கள் செதுக்கிய ஓக் மரத்துண்டுகளைக் கையோடு கொண்டுவந்தார்கள். கட்டில் கால், அலமாரிக் கதவு, எது கிடைத்தாலும் சரி. அவற்றையெல்லாம் சுவரிலும் படிக்கட்டிலும் வாசல் முகப்பிலும் பதித்தார்கள். ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி. நாற்பது ஆண்டுகளில் அந்தச் சின்ன வீட்டில் வெறும் சுவர் என்று ஒன்று மிஞ்சவில்லை.

இப்போது கவிஞரிடம் திரும்பலாம்.

[திரையில்: 1824. வேர்ட்ஸ்வொர்த்.]

கவிதையில் அவர் அந்த இடத்துக்கு வெல்ஷ் மொழியில் ஒரு புதுப்பெயரே உருவாக்கிக் கொடுக்கிறார். 'நட்பின் பள்ளத்தாக்கு' என்று பொருள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து வீட்டைப் பற்றிப் பேசும்போது, டீ ஆற்றங்கரையில் உள்ள 'தாழ்ந்த கூரைக் குடில்' என்று எழுதிவிட்டார்.

வீட்டுக்காரர்கள் வைத்த பெயர் என்ன? புது மாளிகை!

நம் பேச்சில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாரையாவது வீட்டுக்கு அழைக்கும்போது, "எங்கள் குடிசைக்கும் ஒரு நாள் வந்துபோங்கள்" என்கிறோம். மாடி மேல் மாடி கட்டியவர்கூட அப்படித்தான் அழைக்கிறார். அழைப்பை ஏற்று வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டு, "உண்மையிலேயே நல்ல குடிசை" என்று சொல்லிவிட்டுப் போனால்? அன்றோடு உறவு முறிந்தது. ஏனென்றால் அந்தச் சொல்லை வீட்டுக்காரர் சொன்னால் பணிவு, விருந்தாளி சொன்னால் மதிப்பீடு.

ஆனால் கவிஞர் மீதும் எனக்கு இரக்கம் உண்டு. அவர் ஏளனம் செய்யவில்லை. 1799 முதல் 1808 வரை கிராஸ்மியர் கிராமத்தில் அவரே ஒரு சின்ன வீட்டில் தன் தங்கையோடு வாழ்ந்தார். முன்பு சத்திரமாக இருந்த வீடு அது. பிறகு மனைவி வந்தார், குழந்தைகள் பிறந்தார்கள், இடம் போதாமல் வெளியேற வேண்டியிருந்தது. அவருடைய மிகச் சிறந்த கவிதைகள் பல அங்கேதான் பிறந்தன. ஆகவே அவருடைய அகராதியில் குடில் என்பது கோயிலுக்கு அடுத்த சொல். தன்னிடம் இருந்த மிக உயர்ந்த சொல்லைத்தான் அவர் அவர்களுக்குக் கொடுத்தார்.

அப்படியானால் தவறு யாருடையது? இந்தக் கேள்வியை நான் பல நாட்களாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். என் முடிவு இதுதான். கவிதை எழுதிய ஆண்டில் வேர்ட்ஸ்வொர்த் ரைடல் மவுண்ட் என்ற வசதியான பெரிய வீட்டில் இருந்தார். சின்ன வீடு அவருக்கு நினைவாகிவிட்டது. நினைவில் கூரை தாழ்ந்திருந்தால் அது அழகு. ஆனால் அந்த இரு பெண்களும் இன்னும் அந்தக் கூரையின் கீழேதான் இருந்தார்கள். எந்த ஜன்னலில் குளிர் நுழையும், எந்த மரச்சிற்பம் யார் கொடுத்தது, எந்த ரோஜாவை எந்த ஆண்டு நட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். 44 ஆண்டுகள் கைவேலை செய்து நிரப்பிய இடத்தில், வந்து ஒரு மாலை இருந்துவிட்டுப் போனவர் எளிமையைக் கண்டார். அவர்கள் கண்ணுக்கு அங்கே எதுவுமே குறைவாக இல்லை. மனநிறைவோடு வாழ்கிறவரிடம் போய், "இவ்வளவு கொஞ்சத்தை வைத்துக்கொண்டு எப்படி நிறைவாக இருக்கிறீர்கள்" என்று வியந்தால் அவருக்கு வலிக்கத்தான் செய்யும். கொஞ்சம் என்று அவர் எப்போது சொன்னார்?

அதனால் நான் பாட்டிகள் பக்கம். நீங்கள் யார் பக்கம் என்று கீழே எழுதுங்கள். உங்கள் வீட்டைப் பற்றி யாராவது பாராட்டுவதாக நினைத்துச் சொல்லி, உங்களுக்கு உறுத்திய சொல் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

சரி, மேரி கேரில். இந்த வீடியோவை நான் செய்ய நினைத்ததே இவருக்காகத்தான்.

ஒளிந்திருந்த எலினாருக்கு உணவு கொண்டுபோன அதே மேரி, வேல்ஸுக்கு வந்து இவர்களோடு சேர்ந்துகொண்டார். அயர்லாந்தில் அவருக்கு 'அடிதடி மாலி' என்று பட்டப்பெயர். உடன் வேலை செய்த ஒருவர் மீது மெழுகுவர்த்தித் தண்டை வீசி எறிந்து வேலையை இழந்தவர்! சமையலறையும் வாசற்கதவும் அவர் ஆட்சியில் இருந்தன. வேண்டாத விருந்தினர் அவரைத் தாண்டி உள்ளே வருவது எளிதில்லை. இரு தோழிகளின் தனிமை, உண்மையில் வாசலில் நின்ற மூன்றாமவரின் காவலில் இருந்தது.

இவர்களிடம் அவர் சம்பளம் வாங்கியதில்லை என்கிறார்கள். வந்துபோன விருந்தினர்கள் கையில் வைத்த காசைச் சேர்த்தார். சேர்த்ததைக் கொண்டு ஒரு நிலம் வாங்கினார். 1809இல் மேரி இறந்தபோது, அந்த நிலத்தைச் சாராவின் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். எஜமானிகள் இருவரும் அப்போது வாடகை வீட்டில் இருந்தார்கள். அந்த வீடு அவர்களுக்குச் சொந்தமானது அதற்கும் பத்து ஆண்டுகள் கழித்து. பெருங்குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு முதன்முதலில் நிலம் கொடுத்தவர், அவர்கள் வீட்டுச் சமையற்காரர்.

புனித கோலன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் மேரிக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அது முக்கோண வடிவம். ஒரு பக்கத்தில் மேரியின் பெயர். 1829 ஜூன் மாதம் எலினார் 90ஆம் வயதில் இறந்தார், இரண்டாம் பக்கத்தில் அவர் பெயர் ஏறியது. சாரா இரண்டரை ஆண்டுகள் அந்த வீட்டில் தனியாக இருந்தார். 1831 டிசம்பரில் மூன்றாம் பக்கமும் நிரம்பியது.

வீடு இன்று அருங்காட்சியகம். வாசலில் அந்த மரச் சிற்பங்கள் இன்னும் இருக்கின்றன. லாங்கோலன் பக்கம் போகும் வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால், வீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே தேவாலயத்துக்கும் நடந்து போங்கள். அந்தக் கல்லை மூன்று பக்கமும் சுற்றிவந்து படியுங்கள். மேரியின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.