புரையோடிய புண்

வணக்கம் நேயர்களே. அல்சூரில் என் வீட்டெதிரே பூக்கட்டும் அம்மா ஒருநாள் கேட்டார்: "டாக்டர் சார், என் பேரனுக்கு முட்டி சிராய்த்தால் நாலு நாளில் பொருக்குத் தட்டிவிடுகிறது. அத்தனை பெரிய யானைக்குப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகுமா?"

பொருக்குத் தட்டுவதில்தான் இருக்கிறது வினை. யானைத் தோல் சில இடங்களில் 2.5 சென்டிமீட்டர் தடிமன். அங்குசம் குத்திய வாய் சிறியது. மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். உள்ளே சிக்கிய சீழ், தசைக்குள் தனக்கு வழி பறித்துக்கொண்டு போகும். புரையோடுவது என்பது இதுதான். செய்தித்தாள்கள் இந்தச் சொல்லை ஊழலுக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டன. எங்களுக்கு இன்னும் அன்றாடச் சொல்.

நகருக்கு வெளியே தனியார் ஒருவர் வளர்த்த பெண் யானையைப் பார்க்கப் போயிருந்தேன். இடுப்பெலும்பின் மேல் ஒரு ரூபாய்க் காசளவு வடு. "ஆறிவிட்டது" என்றார் உரிமையாளர். பாகன் கூடலூர்க்காரர், அவர் வாயைத் திறக்கவில்லை. உரிமையாளர் நகர்ந்ததும், "அந்தப் பக்கமாகப் படுத்தே பல நாள் ஆகிறது, ஐயா" என்றார். வடுவைச் சுற்றி அழுத்தினேன். பழுத்த பலாவைப் போல அமுங்கியது.

சீழ் தானாக வடியட்டும் என்று தாழ்வான இடத்தில் கீறித் திறந்தோம். அந்த நாற்றத்தை வானொலியில் சொல்லிப் புரியவைக்க முடியாது. பிறகு தினமும் இரண்டு வேளை, வெதுவெதுப்பான உப்புநீரைக் குழாய் வழியே விட்டு, தெளிவாக வெளிவரும்வரை கழுவல். நீர்த்த போவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினி. உள்ளே திணிக்கும் கட்டுத்துணி. ஈ அண்டாதிருக்க வேப்பெண்ணெய், அதுவும் புண்ணைச் சுற்றி மட்டும். நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பலர் தினமும் ஊற்றுகிறார்கள். நுரையைப் பார்த்தால் சுத்தமானதாகத் தோன்றும். புதிதாக வளரும் சதையையும் அது பொசுக்கிவிடும்.

வலிக்கு மெலாக்சிகாம் கொடுத்தோம். டைக்லோஃபெனாக் என்ற இன்னொரு வலிமருந்து 2006 முதல் கால்நடை மருத்துவத்தில் தடை செய்யப்பட்டது. நம் ராமநகரக் குன்றில் எஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளைக் கேட்டால் காரணம் சொல்லும்: அந்த மருந்து ஏறிய கால்நடைகளின் பிணத்தைத் தின்றுதான் அவற்றின் இனம் செத்து மடிந்தது.

துணி எவ்வளவு உள்ளே போகிறது என்பதைப் பாகன் விரலால் அளப்பார். முதல் வாரம் எட்டு விரற்கடை. அடுத்த மாதம் ஆறு. அதன் பிறகு ஆறிலேயே நின்றுவிட்டது. மருந்தை மாற்றலாமா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். பாகன் தரையைக் காட்டினார். சிமெண்ட். மூன்று டன் உடம்பு அதன்மேல் சாயும்போது, எலும்புக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கும் தோலுக்கு ரத்தம் எப்படிப் போகும்? மூத்திரம் ஊறிய அதே சிமெண்ட்தான் நகக்கண்ணையும் அழுக வைக்கிறது. கால் நோய் தனிக் கதை, அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

மருந்துச் சீட்டில் முதல் வரியாக "ஆற்று மணல், இரண்டு லாரி" என்று எழுதினேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் உரிமையாளர். மருந்து வாங்க முகம் சுளிக்காதவர், மணலுக்குப் பத்து நாள் இழுத்தடித்தார். கடைசியில் ஒரு லாரி வந்தது. சாய்ந்து படுக்கத் தோதாகப் பாகன் அதைச் சரிவாகக் குவித்துவைத்தார்.

மறுநாள் விடிகாலையில் என் கைப்பேசி ஒலித்தது. "படுத்துவிட்டாள், ஐயா. குறட்டை கேட்கிறதா?"

கேட்டது. அடுத்த வாரம் துணி ஐந்து விரற்கடைதான் போனது.