லாஸ் வேகஸ் போனவங்க லாஸ் வேகஸுக்கே போகல! அமெரிக்காவில் ராத்திரி 2 மணிக்குக் களை கட்டுற ஊர் எது?

(திரையில்: ஸ்ட்ரிப், இரவு, விளக்குகள்)

லாஸ் வேகஸ் போய்ட்டு வந்தோம்னு ஃபோட்டோ போடுறவங்கள்ல நிறைய பேரு அந்த ஊருக்குள்ள காலே வச்சிருக்க மாட்டாங்க. பொய் இல்லைங்க. ஸ்ட்ரிப்னு சொல்ற அந்தக் கேசினோ வீதியோட பெரும்பகுதி இருக்கிற ஊர் பேரு பாரடைஸ். லாஸ் வேகஸ் மாநகராட்சி இந்தக் கேசினோக்களைத் தன் எல்லைக்குள்ள இழுத்து வரி போடப் பார்த்துச்சு. முதலாளிங்க முந்திக்கிட்டாங்க. 1950ல கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் மூலமா அதைத் தனி ஊரா அறிவிக்க வச்சுட்டாங்க. 1959ல வச்ச 'லாஸ் வேகஸுக்கு வருக' போர்டு இருக்கே, அதுவும் பாரடைஸ்லதான் நிக்குது. வரவேற்பே பக்கத்து ஊர்ல!

சரி, விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில எந்த ஊர் செம ஊர்னு கேட்டா ஆளுக்கு ஒரு லிஸ்ட் நீட்டுவாங்க. இந்த வீடியோவில ஒரே பரீட்சைதான். மணி ராத்திரி 2. கையில கார் இல்லை, முன்பதிவு இல்லை. அந்த ஊர்ல என்ன பண்ண முடியும்?

லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ ரெண்டும் ஃபெயில். கலிபோர்னியா சட்டப்படி ராத்திரி 2ல இருந்து காலை 6 வரைக்கும் மது விற்கக் கூடாது. மெட்ரோவும் நள்ளிரவை ஒட்டியே படுத்துடும். ரசிகர்கள் திட்டணும்னா கமென்ட்ல வரிசையா வாங்க.

சிகாகோ பாஸ். சிவப்பு லைன், நீல லைன் ரெண்டும் விடிய விடிய ஓடும். நீல லைன்ல ஏறினா நேரா ஓஹேர் ஏர்போர்ட்.

வேகஸ், சாரி, பாரடைஸும் பாஸ். ஆனா பிளாக்ஜாக்ங்கிற சீட்டாட்ட மேஜையில உட்கார்றதுக்கு முன்னாடி மேல விரிச்சிருக்கிற துணியைப் படிங்க. 3-க்கு 2ன்னு எழுதியிருந்தா, 10 டாலர் வச்சு பிளாக்ஜாக் (முதல் ரெண்டு சீட்டுலயே 21) விழும்போது 15 டாலர் வரும். 6-க்கு 5ன்னு இருந்தா 12தான். 3 டாலர்ல என்ன ஆகப்போகுதுன்னு தோணும். சுமார் 21 ஆட்டத்துக்கு ஒரு தடவை பிளாக்ஜாக் விழும். 3-ஐ 21-ஆல வகுங்க, ஆட்டத்துக்கு 14 சென்ட். நீங்க எவ்வளவு கெட்டிக்காரத்தனமா ஆடினாலும், பந்தயத்துல 1.4 சதவீதம் கூடுதலா அந்த மேஜைக்குப் போய்க்கிட்டே இருக்கும்.

(திரையில்: நியூயார்க் சப்வே வரைபடம்)

இப்போ நியூயார்க். இதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன், ஏன்னா இந்த விஷயம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். 472 ஸ்டேஷன், 24 மணி நேரமும் ரயில். வேற பெரும்பாலான ஊர்ல ஏன் முடியல? பெரும்பாலான ஊர் மெட்ரோவுல போக ஒரு தண்டவாளம், வர ஒரு தண்டவாளம், அவ்வளவுதான். பழுது பார்க்கணும்னா ராத்திரி மூடியே ஆகணும். நியூயார்க்ல 1904ல திறந்த முதல் லைன்லயே முக்கியமான பகுதியில நாலு தண்டவாளம் போட்டுட்டாங்க. நடுவுல ரெண்டு எக்ஸ்பிரஸ், ஓரத்துல ரெண்டு லோக்கல். ஒரு ஜோடியில வேலை நடக்கும்போது இன்னொரு ஜோடியில வண்டி ஓடும். நூறு வருஷத்துக்கு முன்னாடி போட்ட கணக்கு, இன்னைக்கும் சோறு போடுது.

ஆனா புதுசா வர்றவங்க மாட்டிக்கிற இடம் நாலு இருக்கு. ஒண்ணு, சின்ன லோக்கல் ஸ்டேஷன் பலதுல அப்டவுனுக்கு (வடக்கே போற வண்டி) ஒரு வாசல், டவுன்டவுனுக்கு (தெற்கே போற வண்டி) எதிர்ப்பக்கம் இன்னொரு வாசல். உள்ளே போனப்புறம் பிளாட்பாரம் மாற வழி கிடையாது. தப்பான பக்கம் கார்டைத் தட்டிட்டீங்கன்னா வெளிய வந்து, ரோட்டைத் தாண்டி, மறுபடியும் காசு. படியிறங்குறதுக்கு முன்னாடி போர்டைப் படிங்க. ரெண்டு, வாசல்ல இருக்கிற உருண்டை விளக்கு. பச்சைன்னா எப்பவும் திறந்திருக்கும். சிவப்புன்னா சில நேரம் பூட்டியிருக்கும், இல்லைன்னா வெளிய வர மட்டும்தான். மூணு, நள்ளிரவுக்கு மேல ஏ, 2, 4 மாதிரி எக்ஸ்பிரஸ் வண்டிகளும் மன்ஹாட்டன்ல லோக்கலா மாறி எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும். அடுத்த வண்டிக்கு 20 நிமிஷம் ஆகலாம். பகல்ல பார்த்த நேரத்தை நம்பி ஃபிளைட்டைப் பிடிக்கக் கிளம்பாதீங்க. நாலு, ஒரு நாள் ஃபோன், ஒரு நாள் கார்டுன்னு மாத்தித் தட்டாதீங்க. ஒரே கார்டுல தட்டினா 7 நாள்ல சுமார் 12 பயணத்துக்கு அப்புறம் இலவசம். கார்டு அதேதான்னாலும், ஃபோன்ல தட்டினா மெஷின் வேற ஆளுன்னு நினைச்சுக்கும்.

2 மணிக்கு எங்க போறது? ஸ்டாட்டன் ஐலண்ட் ஃபெர்ரி. 25 நிமிஷக் கடல் பயணம், டிக்கெட்டே கிடையாது, ராத்திரி பூரா ஓடுது. மன்ஹாட்டன்ல ஏறும்போது வலது பக்கமா நின்னா சுதந்திர தேவி சிலை விளக்கு வெளிச்சத்துல தெரியும். காசு கட்டிப் படகுல போறவங்க காதுல இதைப் போட்டு வைங்க!

இருந்தாலும் என் ஓட்டு நியூ ஆர்லியன்ஸுக்குத்தான். பார் மூடுற நேரம்னு ஒண்ணு அங்க கிடையாது. பாதி குடிச்ச கிளாஸை வச்சுட்டு எழுந்திரிக்கவும் வேண்டாம், பிளாஸ்டிக் கப்புல ஊத்தித் தருவாங்க, தெருவுல எடுத்துட்டே நடக்கலாம். கண்ணாடி கிளாஸா இருந்தா மட்டும் போலீஸ் தடுக்கும். போர்பன் தெரு கூட்டத்துல நசுங்காம, ஃபிரெஞ்ச்மென் தெருவுக்கு நடந்து போங்க. பாட்டு அங்கதான். பகல்ல ஊர் சுத்த செயின்ட் சார்ல்ஸ் டிராம் இருக்கு, 1835ல இருந்து ஓடுற லைன், 1.25 டாலர்.

(திரையில்: ஆஸ்டின், காங்கிரஸ் அவென்யூ பாலம், மாலை)

ஆஸ்டின்? டெக்சஸ்லயும் 2 மணிக்கு பார் மூடிடும், அதனால பரீட்சையில ஃபெயில். ஆனா சாயங்காலம் அந்த ஊரை அடிச்சுக்க ஆளில்லை. 1980ல காங்கிரஸ் அவென்யூ பாலத்தைப் புதுப்பிச்சப்போ அடியில குறுகலான இடுக்குகள் விழுந்துச்சு. வௌவாலுக்கு அது அளவெடுத்துத் தைச்ச வீடு. இப்போ கோடையில சுமார் 15 லட்சம் வௌவால் அங்கிருந்து பொழுது சாயும்போது கிளம்பும். குட்டிகளும் சேர்ந்து பறக்குற ஆகஸ்ட் மாசம்தான் சரியான நேரம், குளிர்காலத்துல போனா பெரும்பாலும் மெக்சிகோவுக்குப் பறந்திருக்கும். அரை மணி நேரம் முன்னாடியே போய் இடம் பிடிங்க. பாலத்துக்குக் கீழ நிக்கிறவங்க தொப்பி போட்டுக்கோங்க, அண்ணாந்து பார்க்கும்போது வாயை மூடிக்கோங்க.