தண்ணீர் அருமை தெரிந்த ஆட்டங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருத்துறைப்பூண்டியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வயது 41. வீடியோ கேம் ஆடத் தொடங்கி முப்பது வருடம் ஆகிறது. எனக்குப் பிடித்த கேம்களைப் பற்றிப் பேச வானொலி நிலையத்தில் அழைத்தபோது மனதுக்குள் ஒரு கணக்கெடுப்பு நடத்திப் பார்த்தேன். ஆடி முடித்தவை நூற்றைத் தாண்டும். ஆனால் இரவில் படுத்தபிறகும் கூடவே வருபவை நாலைந்துதான்.

முதலில் மாரியோ. எங்கள் தெருவில் வீடியோ கேம் பெட்டி முதன்முதலில் மாமா வீட்டுக்குத்தான் வந்தது. டிவியில் ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு இதைச் சொருகி, சேனலைத் திருகித் திருகிப் படம் வரவைப்போம். வராவிட்டால் காசெட்டை உருவி, அடியில் வாய் வைத்து ஊதி, மறுபடி அழுத்துவோம். 1985இல் ஜப்பானில் வந்த ஆட்டம் அது. எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம். பாதியில் நிறுத்திச் சேமித்துவைக்க வழி கிடையாது. ஏழாம் உலகத்தில் நிற்கும்போது கரண்ட் போனால், மறுபடி முதலிலிருந்துதான். எங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போகும்.

எங்களில் யாருக்கும் அன்று இங்கிலீஷ் வாசிக்க வராது. அதற்கு அவசியமும் வரவில்லை. தொடங்கியவுடன் ஒரு காளான் பூச்சி எதிரே நடந்து வரும். தாண்டத் தெரியாவிட்டால் சாவீர்கள். இழப்பு சில நொடிதான். அடுத்தமுறை குதிப்பீர்கள். மேலே இருக்கும் கேள்விக்குறிப் பெட்டியைத் தலையால் முட்டினால் ஒரு காளான் வெளியே வந்து ஓடும், குழாயில் மோதித் திரும்பி உங்களிடமே வரும். அதைத் தொட்டதும் பெரிய ஆளாகிவிடுவீர்கள். கெட்டது எது, நல்லது எது என்று ஒரு வார்த்தை எழுதாமல் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். முழு ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இடம் போதாமல், மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள். இதைப் பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டபோது அந்த வேலைக்காரர்கள்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அப்புறம் கான்ட்ரா, எதிரிகளைச் சுட்டுக்கொண்டே முன்னேறும் ஆட்டம். அக்காவும் நானும் சேர்ந்து ஆடியது. அருவி வழியாக மேலே ஏறும் கட்டத்தில் ஒருவர் அவசரப்பட்டு முன்னேறினால் திரையும் கூடவே நகரும். கீழே நிற்பவர் செத்துப்போவார். அக்கா எனக்காக ஒவ்வொரு பாறையிலும் நின்று நின்று ஏறுவாள்.

ஊர் அமைத்துப் படை திரட்டிப் போர் செய்யும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் அதில் ராஜேந்திர சோழன் கதையைச் சேர்த்தார்கள். உருமி என்ற வளையும் வாளை வீசும் வீரர்களை நம் ஊர்ப் படையாக நடத்திப் போர் செய்தது எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரே மனக்குறை, அதில் வயல் போட 60 மரக்கட்டை போதும். பாலைவனத்தில்கூடப் போடலாம், வாய்க்கால் கேட்காது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் வளர்ந்தவனுக்கு அது உறுத்தும்.

அந்த உறுத்தலைத் தீர்த்தது சகுனா. 2020இல் ஜப்பானில் ஒரு சிறு குழு செய்த ஆட்டம். சொகுசாக வளர்ந்த ஒரு அறுவடைத் தெய்வத்தைத் தீவுக்குத் துரத்திவிடுகிறார்கள். அங்கே அவள் அரக்கர்களோடு சண்டை போட வேண்டும். ஆனால் அவளுக்குப் பலம் வருவது நெல்லிலிருந்து. ஒவ்வொரு அறுவடையும் எவ்வளவு நன்றாக வந்ததோ அவ்வளவு பலம். அதனால் வயலை ஏமாற்ற முடியாது. மண்ணைக் கிளறி, நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து, காயவைத்து, கதிரடித்து, உமி நீக்குவது வரை எல்லாம் நம் கையால்தான்.

நான் ஆடும்போது அம்மா பின்னால் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது வருடம் நடவுக்குப் போனவர்கள். ஆட்டத்தின் முதல் வருடம் நான் நட்டதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நெருக்கமா நட்டா எப்படிடா? நண்டு ஓடவாவது எடம் விடு" என்றார்கள். நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட என்று சொல்வோமே, அந்தக் கணக்கு. அடுத்த வருடம் இடைவெளி விட்டு நட்டேன். அப்புறம் தண்ணீர். நான் வயலில் எப்போதும் தண்ணீரை நிறுத்தியே வைத்திருந்தேன். "காய்ச்சலும் பாய்ச்சலுமா விடு, அப்பத்தான் தூர் கட்டும்" என்றார்கள். வடித்துக் காயவிட்டேன். தூர் கட்டியது, பக்கத்தில் புதுத் தண்டுகள் கிளம்பின! எங்கோ ஜப்பானில் எழுதிய நிரல், என் அம்மா சொன்ன பேச்சைக் கேட்டது. அன்றைக்கு அவர்கள் பூவைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

கடைசியாக டிம்பர்பார்ன். 2021இல் வெளிவரத் தொடங்கியது. மனிதர்கள் இல்லாமல் போன உலகத்தில், பல்லால் மரம் அறுத்து அணை கட்டும் பீவர் என்ற விலங்குகள் ஊர் அமைக்கின்றன. ஒரே ஆறு. சில நாள் ஓடும், பிறகு வறட்சி வரும், ஆறு நின்றுவிடும். தண்ணீர் தொட்ட மண் பச்சையாக இருக்கும். தள்ளியிருப்பது காய்ந்து பழுப்பாகும். அணை கட்டலாம், கரை உயர்த்தலாம், மதகை வேண்டிய உயரத்துக்கு ஏற்றி இறக்கலாம்.

மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும், கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, முள்ளியாறு வந்து எங்கள் வாய்க்காலை நனைக்கும்வரை மதகில் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருவார் அப்பா. மேல்மடைக்காரர்கள் அடைத்துவைத்துக்கொள்கிறார்கள் என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

இந்த ஆட்டத்தில் ஆற்றின் மேல்பக்கம் என் முதல் ஊர். கீழே இரண்டாவதாக ஒரு சின்ன ஊர் அமைத்தேன். வறட்சி நீண்டபோது கை தானாக மதகை உயர்த்தியது. மேலே கேரட் வயல் பசுமையாக இருந்தது. கீழே போய்ப் பார்த்தால் வயல் முழுக்கக் காய்ந்து, தண்ணீர்த் தொட்டி காலி. அடைத்தது நான்தான். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். எந்தக் கட்டுரையும் எந்தக் கூட்டமும் எனக்குப் புரியவைக்காத ஒன்றை, மதகைப் பிடித்த என் கையே புரியவைத்தது.

சேமித்துவைத்திருந்த பழைய இடத்திலிருந்து அதே ஆட்டத்தை மறுபடி தொடங்கினேன். இப்போது இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு ஏரி வெட்டியிருக்கிறேன். மேல் மதகை ஒரு படி இறக்கியே வைத்திருக்கிறேன். மேலே கேரட் வயலில் பாதியைத் தரிசாக விட வேண்டியிருந்தது. போன வறட்சியில் கீழ் ஊர்த் தொட்டியில் கடைசி நாள் வரை தண்ணீர் இருந்தது.

அப்பா இந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து மதகை அவர் கையில் கொடுக்கப்போகிறேன்.

நன்றி, வணக்கம்.