பஸ் எங்கே வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையில் காலை ஏழரை மணிக்குக் காளவாசலிலோ கோரிப்பாளையத்திலோ காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். பலர் ரோட்டைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறார்கள். பஸ் எங்கே வருகிறது என்று மேப்பில் ஒரு புள்ளி காட்டுகிறது. அந்தப் புள்ளியை நம்பித்தான் வீட்டை விட்டே கிளம்புகிறார்கள். அது பொய் சொல்லக்கூடாது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

சாட்டிலைட் மேலே இருந்து நம் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சிக்னல் மட்டும் அனுப்புகின்றன. பஸ்ஸில் இருக்கும் கருவி குறைந்தது நான்கு சாட்டிலைட்டுகளின் சிக்னலைப் பிடித்து, தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்குப் போடுகிறது. அப்புறம் அதை அனுப்ப வேண்டுமே, அதற்குக் கருவிக்குள் ஒரு சிம் கார்டு. டவர் கிடைக்காவிட்டாலோ, ரீசார்ஜ் செய்ய விட்டுப்போனாலோ, இடம் தெரிந்தும் சொல்ல வழியில்லை.

அந்த நேரத்தில் பல செயலிகள் கடைசியாக வந்த இடத்திலேயே புள்ளியை நிறுத்தி வைக்கின்றன. பஸ் சிம்மக்கல்லில் நிற்பதாகப் போன் சொல்லும். அது வைகை மேல் இருக்கும் ஏ.வி. பாலம் ஏறி, கோரிப்பாளையத்தையும் தாண்டியிருக்கும். 'இன்னும் நேரம் இருக்கு' என்று தலை பின்னிக்கொண்டிருந்த பெண் தெருமுனைக்கு வரும்போது பஸ்ஸின் முதுகுதான் தெரியும். அப்புறம் ஷேர் ஆட்டோ, டவுன் பஸ். முதல் பீரியட் போச்சு.

இதைச் சரிசெய்யப் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. புள்ளிக்குப் பக்கத்தில் '4 நிமிடத்துக்கு முன் கிடைத்த தகவல்' என்று போடுங்கள். தகவல் பழசானால் புள்ளியின் நிறத்தை மங்கலாக்குங்கள். பஸ்ஸின் பாதை, நேரத் தகவல்களை எல்லோரும் ஒரே மாதிரி எழுதிவைக்க உலகம் முழுக்கப் புழங்கும் ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவம், 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் பஸ்களை வைத்துத் தொடங்கியது. 2011-ல் வந்த அதன் நேரலைப் பகுதியில், இடத்தோடு அது அளக்கப்பட்ட நேரத்தையும் சேர்த்து அனுப்ப வசதி உண்டு. அந்த நேரத்தைத் திரையில் காட்டுவது செயலி எழுதுகிறவர் பொறுப்பு.

எத்தனை நிமிடத்தில் வரும் என்பது வேறு கணக்கு. வைகைக்குத் தென்கரையில் பஸ், வடகரையில் ஸ்டாப். மேப்பில் பார்த்தால் கூப்பிடு தூரம்தான். ஆனால் பஸ் பாலத்துக்கு வந்து, காலை நெரிசலில் ஊர்ந்துதான் இக்கரை சேர வேண்டும். வெறும் தூரத்தை வேகத்தால் வகுத்தால் விடை தேறாது. அதே ரோட்டில், அதே நேரத்தில், போன வாரங்களில் எவ்வளவு நேரம் பிடித்தது என்ற பதிவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அந்தப் பதிவும் உதவாது. அழகர் ஆற்றில் இறங்கும் சமயம் பாதைகளையே மாற்றிவிடுவார்கள். அன்றைக்கு நிமிடக் கணக்கை எடுத்துவிட்டு, பஸ் எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

இன்னொன்று. டிரைவரின் போனையே கருவியாக வைத்துக்கொள்வதில் செலவு குறைவு, தெரியும். ஆனால் ஓட்டுகிறவருக்குப் போனைத் தட்டும் வேலையைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் அவர் எங்கே இருக்கிறார் என்று காட்ட யாருக்கும் உரிமை கிடையாது.

மதுரைப் பக்கம் இதையே ப்ராஜெக்ட்டாக எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆசிரியரிடம் காட்டுவதற்கு முன், ஒரு நாள் கருவியிலிருந்து சிம்மைக் கழற்றிவிட்டு, உங்கள் திரை என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

நன்றி, வணக்கம்.