வராத பிள்ளை எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்து பழகுவது பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். மேலூர்ப் பக்கமும் அலங்காநல்லூர்ப் பக்கமுமாக, பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு டீச்சராகவே இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று வீட்டில் சொல்வார்கள். பார்ப்போம்.

"எல்லாம் ஒரே ஊர்ப் பிள்ளைகள்தானே டீச்சர், இதில் புதிதாக அறிந்துகொள்ள என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். ஒரே ஊர்தான். ஆனால் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த ஒரு பையனிடம், பக்கத்தில் இருப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள். "மேலத்தெருப் பையன்" என்பான். "டீக்கடைக்காரர் மகன்" என்பான். பெயர் என்ன? தெரியாது. அவனுக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படுவான்? அதுவும் தெரியாது. யார் வீட்டுப் பிள்ளை என்பது ஐந்து வயதிலேயே தெரிந்துவிடுகிறது, பிள்ளையைத்தான் தெரிவதில்லை. யாரோடு சேரக்கூடாது என்றும் சில வீடுகளில் அந்த வயதிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். இதை நான் பூசி மெழுக வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கே தெரியும்.

அதனால் முதலில் பெயர். எங்கள் பக்கத்தில் பாண்டி இல்லாத வகுப்பு உண்டா? முத்துப்பாண்டி, செல்லப்பாண்டி, ஜெயபாண்டி என்று மூன்று பேர் இருந்தால், பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஒருவன் நெட்டைப் பாண்டி, ஒருவன் சப்பை, ஒருவனுக்கு அவன் தெருவே பட்டப்பெயர். பட்டப்பெயர் எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வைத்தவனுக்குத்தான் அது சிரிப்பு. என் வகுப்பில் முதல் வாரமே ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, "உன்னை நாங்கள் எப்படிக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டுவிடுவேன். அது என்ன பெயரோ, அதுதான் வருஷம் முழுக்க. அந்தப் பெயரைத்தான் நானும் சொல்வேன்.

அப்புறம் வருகைப் பதிவேடு. எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் காலையில் டீச்சர் பெயரைப் படிப்பார், பிள்ளை எழுந்து "உள்ளேன் அம்மா" என்று சொல்லும். இப்போது செல்போன் செயலியில் வருகை போட வேண்டும். தலையை எண்ணி, வராதவர்களுக்கு மட்டும் குறி போட்டுவிட்டு ஆசிரியர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அவர்களைக் குறை சொல்லவில்லை, ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் மேய்க்கிறார்கள். ஆனால் ஒரு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் எல்லார் காதிலும் விழுகிற நேரம் அது ஒன்றுதான் இருந்தது. அதுவும் போய்விட்டது.

நான் என்ன செய்வேன் என்றால், செயலியில் நான் போடுவதைப் போட்டுவிடுவேன். பிறகு ஒரு பிள்ளை பெயர் கூப்பிடும், நாளுக்கு ஒரு பிள்ளை. யாராவது வராவிட்டால் "வரவில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. ஏன் வரவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எல்லாரும் முழிப்பார்கள். இரண்டு வாரம் போகட்டும். "அவங்க வீட்டுல ஆடு குட்டி போட்டிருக்கு டீச்சர்." "அழகர்கோயிலுக்கு மொட்டை எடுக்கப் போயிருக்கா டீச்சர்." "நேத்தே இருமிக்கிட்டு இருந்தான் டீச்சர்." ஒருவருக்கும் தெரியவில்லை என்றால், சாயங்காலம் போகிற வழியில் யார் எட்டிப் பார்ப்பது என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். வராத பிள்ளை எங்கே என்று கேட்க ஆள் இருக்க வேண்டும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

ஒரு வருஷம் செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் குழந்தை என் வகுப்பில் சேர்ந்தது. தமிழ் தெரியாது. மூலையில் உட்கார்ந்து, பாவாடை நாடாவைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருக்கும். பெயர் கூப்பிடும் முறை அதற்கு வந்தது. எழுத்துத்தான் தெரியாதே, இன்று தாண்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது எழுந்து வந்துவிட்டது. நோட்டைக் கையில் வாங்கியது, திறக்கவே இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பார்த்த வரிசையில், பெயரைச் சொல்லிக்கொண்டே போனது. தினமும் காதால் கேட்டதுதான், வேறென்ன? அழகர்சாமிக்கு வந்தபோது மட்டும் "அலகர்சாமி" என்றது. உடனே நாலைந்து குரல்கள் "அளகர்சாமி" என்று திருத்தின! ழகரத்தை நாம் எவ்வளவு ஒழுங்காகச் சொல்கிறோம் என்பது வேறு விஷயம். ஆனால் அன்று மதியம் அந்தப் பிள்ளை மூலையில் உட்காரவில்லை. அழகர்சாமியும் இன்னும் இரண்டு பேரும் அதற்கு 'ழ' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, உட்காரும் இடத்துக்கு வருகிறேன். செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்த காலத்தில் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆனால் வட்டமாக உட்கார்ந்தாலும் ஒரே தெரு ஒரே வட்டமாகத்தான் சேரும், கலைத்துவிட்டால்தான் உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்கள், பள்ளிகளில் சாதி வேற்றுமையைக் களைவது பற்றி 2024-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னார். நல்ல யோசனைதான். சின்ன வகுப்புக்கு நான் இன்னும் கொஞ்சம் கலக்குவேன். ஒரு மஞ்சப்பையில் இரண்டு புளியங்கொட்டை, இரண்டு சோழி, இரண்டு வேப்பங்கொட்டை, இரண்டு சோடா மூடி என்று எல்லாம் ஜோடியாகப் போட்டு வைத்திருப்பேன். திங்கள்கிழமை காலையில் கையை விட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டியது. எனக்குப் புளியங்கொட்டை வந்தால் இன்னொரு புளியங்கொட்டை யாரிடம் என்று தேடிப் போக வேண்டும். அந்த வாரம் முழுக்க அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். குடத்தில் தண்ணீர் கொண்டுவருவதும் சேர்ந்துதான், வாய்ப்பாடு சொல்வதும் சேர்ந்துதான். டீச்சர் ஜோடி சேர்த்தால் வீட்டிலிருந்து சண்டைக்கு வருவார்கள். புளியங்கொட்டையோடு யார் சண்டை போடுவது?

ஆட்டமும் உண்டு. பூப்பறிக்க வருகிறோம் ஆட்டம் தெரியும்தானே? இரண்டு அணி எதிரெதிரே கைகோத்து நிற்க, பிள்ளைகளுக்குப் பூப்பெயர் வைத்துக் கூப்பிடுவது. மதுரையில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் மல்லியாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடிக்கும். அதனால் மல்லிக்குத் தடை போட்டு, பிச்சி, சம்பங்கி, கனகாம்பரம், அரளி என்று பங்கு போட்டுக் கொடுப்பேன். இழுபறியில் எதிர் அணிக்குப் போன பிள்ளை அந்தப் பக்கத்துக் கையைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். பேச்சே இல்லாத இருவர் இந்த ஆட்டத்தில் கைகோத்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. இப்போது காலையும் மதியமும் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "பேசாமல் சாப்பிடு" என்று அதட்டுகிறோம். பேசட்டும், ஆசிரியர்களே. ரவா கிச்சடி ஆறினால் ஆறட்டும்.

பெற்றோருக்கென்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி கையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார், அதனால் சுருக்கமாக. சாயங்காலம் பிள்ளை வந்ததும் "என்ன படிச்ச?" என்பதற்கு முன்னால் "இன்னைக்கு யாரோட உக்காந்த?" என்று கேளுங்கள். பெயர் சொன்னால் "எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி கேட்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அப்பாக்களும் வாருங்கள், ஒரே ஓரமாகச் சேர்ந்து உட்காராதீர்கள். வேண்டுமானால் மஞ்சப்பையைக் கொடுத்து அனுப்புகிறேன். மற்றவற்றை இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். நன்றி, வணக்கம்.